பப்மெட்டில் கட்டுரை கிடையாது, முகவரிதான் உண்டு

அன்புள்ள சாந்தி,

கடிதம் கிடைத்தது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாறுதல் கிடைத்து, வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் வேலைக்குப் போய்விடுகிறாய் என்பது நல்ல சேதி. காலேஜ் லைப்ரரி லாகின் கையைவிட்டுப் போனதுதான் கெட்ட சேதி. மழை பிடித்தால் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் கேஸ்கள் வரத் தொடங்கிவிடும், அதற்குள் டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுப்பது பற்றிய கட்டுரையை முழுசாகப் படிக்க வேண்டும், பப்மெட் சுருக்கத்தோடு நிற்கிறது, அதற்கு மேல் போனால் டாலரில் பணம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். கார்டை எடுக்காதே. அந்தக் கட்டுரைக்குப் பணமே தேவையில்லை.

பப்மெட், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணைதான். நம் காலத்து மர இழுப்பறை கேட்டலாக் மாதிரி: புத்தகம் எந்த அலமாரியில் என்று சொல்லும், புத்தகம் அதற்குள் இருக்காது. மூன்றரைக் கோடிக்கும் மேல் பதிவுகள் உள்ளன. கட்டுரை பதிப்பாளர் தளத்தில் இருக்கும். ஒரு பிரதி, அதே நூலகம் 2000-இல் தொடங்கிய பிஎம்சி களஞ்சியத்திலும் இருக்கலாம். பிஎம்ஐடி என்ற எண் எல்லாப் பதிவுக்கும் உண்டு, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. 'பிஎம்சி' என்ற எழுத்துகளோடு தொடங்கும் இன்னோர் எண் கூடவே இருந்தால்தான் முழுப் பிரதி அங்கே உண்டு. பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் டாக்டர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை நித்தம் பார்க்கிறேன்.

நீ கேட்ட கட்டுரை இன்ட்ரெஸ்ட் ஆய்வு. வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் நடந்தது, 2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. பதிப்பாளர் ஐகானைச் சொடுக்கி, பணம் கேட்டதும் திரும்பி வந்திருக்கிறாய். அந்த ஜர்னலின் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்து ஆறு மாதம் ஆனதும், பெயரும் மின்னஞ்சலும் கொடுத்து இலவசக் கணக்கு தொடங்கியவர்களுக்குத் திறந்துவிடும். சந்தா என்ற பொத்தானை விட்டுவிட்டுக் கணக்கு தொடங்கும் பொத்தானைத் தேடு.

அதுவும் இல்லை என்றால் ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று பார். சுருக்கத்தின் கடைசி வரியில் இருக்கும். இதற்கு இந்தியா அலையன்ஸும் வெல்கம் அறக்கட்டளையும். இப்படிப்பட்ட நிதியாளர்கள் பொதுக் களஞ்சியத்தில் ஒரு பிரதி போடச் சொல்வார்கள், அதனால் யூரோப் பிஎம்சி என்ற ஐரோப்பியக் களஞ்சியத்திலும் தேடு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) பணத்தில் நடந்த ஆய்வு என்றால் 2008 முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பிஎம்சி-க்கு வந்தாக வேண்டும் என்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை.

களஞ்சியப் பிரதியின் தலைப்பில் 'ஆதர் மேனுஸ்கிரிப்ட்' என்று போட்டிருந்தால், ஜர்னல் ஏற்றுக்கொண்ட, ஆனால் அச்சுக்குச் செப்பனிடாத பிரதி அது. அட்டவணைகள் கடைசியில் குவிந்திருக்கும், பக்க எண்ணும் ஒத்துப்போகாது. படிக்கப் போதும். டோஸை அதை மட்டும் பார்த்து எழுதாதே. பப்மெட் பதிவில் 'எர்ரேட்டம்' என்ற வரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு, திருத்தம் வந்திருந்தால் அங்கே இணைப்பு இருக்கும். பின்னிணைப்பையும் தனியாக இறக்கிக்கொள், முக்கிய பிடிஎஃப்-ஓடு அது வராது. யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற விவரத்தில் பாதி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். இந்த ஆய்வின் சுருக்கத்தை மட்டும் படித்தால் இரட்டை மருந்து 33 சதவீதம், தனி மருந்துகள் 47, 48 என்ற எண்கள் கண்ணை இழுக்கும். அவை 28 நாளுக்குள் இறப்பு, ஏழாம் நாளும் தீராத சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்த கணக்கு. இறப்பில் மட்டும் பார்த்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

மற்ற கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்தான் சாவி. பத்து, புள்ளி என்று தொடங்குமே, அது. கட்டுரைக் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலிலிருந்து அதை நகலெடுக்கும்போது வாக்கிய முடிவின் முற்றுப்புள்ளியும் ஒட்டிக்கொண்டு வரும். அதோடு தேடினால் 'அப்படி ஒன்றே இல்லை' என்று வந்துவிடும். பிடிஎஃப்-இல் வரி உடைந்த இடத்தில் நடுவே ஓர் இடைவெளி நுழைந்தாலும் அதே கதிதான். புள்ளியையும் இடைவெளியையும் நீக்கிவிட்டுப் போடு.

கம்ப்யூட்டரில் அன்பேவால் என்ற இலவச நீட்சியைக் குரோமில் சேர்த்துக்கொள். கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு வந்தால் எங்கேயோ சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கிறது, சொடுக்கினால் கொண்டுபோய் விடும். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி வேலை செய்யாது. போனில் பார்க்கிறாய் என்றால் கட்டுரைத் தலைப்பைக் கூகுள் ஸ்காலரில் போட்டு, 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் திற. பல்கலைக்கழகக் களஞ்சியப் பிரதி நாலாவதோ ஐந்தாவதோ இடத்தில் ஒளிந்திருக்கும்.

ஹினாரி ஏன் திறக்கவில்லை என்று கேட்டாய். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தத் திட்டம் வருமானம் குறைந்த நாடுகளுக்கானது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. கடவுச்சொல் தப்பு என்று நினைத்து நேரத்தை வீணாக்காதே. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா', ஜர்னல்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் மத்திய அரசுத் திட்டம், அரசுக் கல்லூரிகளுக்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும்தான். முப்பது பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 ஜர்னல்கள், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். பெரிய காரியம், ஆனால் தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரை வெளியே நிறுத்திவிட்டது. எனக்கு இதில் கோபம் உண்டு. உன் பழைய காலேஜ் பி.ஜி. பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை கேள், லாகினைக் கேட்காதே. வேறு வேறு ஊரிலிருந்து ஒரே கணக்கில் இறக்கினால் பதிப்பாளர் சந்தேகப்பட்டு அணுகலை முடக்கிவிடலாம், அப்புறம் பரீட்சை நேரத்தில் காலேஜே தவிக்கும்.

எதுவுமே இல்லையா, ஆசிரியருக்கே எழுது. பப்மெட்டில் ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே உள்ள 'அஃபிலியேஷன்ஸ்' பகுதியை விரித்தால் பல கட்டுரைகளில் மின்னஞ்சல் தெரியும். பொருள் வரியில் கட்டுரைத் தலைப்பு, உள்ளே மூன்று வரி, அதற்கு மேல் வேண்டாம்.

தேடும்போது ஒரு விஷயம்: 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' வடிகட்டியை முதலிலேயே போட்டுவிடாதே. பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் மட்டும் கிடைக்கும் பலதை அது மறைத்துவிடும். சொற்றொடருக்கு மேற்கோள் குறியும் போடாதே. போட்டால் பப்மெட் தானாகச் சேர்க்கும் மெஷ் என்ற பொருள் தலைப்புகளும் மாற்றுப் பெயர்களும் நின்றுவிடும். இதே நோயை சுட்சுகாமுஷி என்ற பெயரில் எழுதிய பழைய கட்டுரைகள் அப்படித்தான் கைநழுவும்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்படி ஆனது? அதை எழுதவேயில்லை. இன்னும் ஏதாவது கட்டுரை வேண்டும் என்றால் தலைப்பு வேண்டாம், பிஎம்ஐடி எண்ணை மட்டும் அனுப்பு. தலைப்பில் நீ ஒரு வார்த்தையை மாற்றித்தான் எழுதுவாய்.

உன்,
வாசுகி