ஸோன் அளவ மட்டும் பாத்து பேப்பர் ஏத்துக்குற ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்விதழ் ஆசிரியர் குழுவினருக்கு, வணக்கம்.

நான் அனுப்புன பேப்பருக்கு நேத்து சாயங்காலம் உங்க பதில் வந்துச்சு. ஒரே வரி, "முடிவுகளில் புதுமை இல்லை". சரிங்க, இல்லதான். எட்டு மாசம் உக்காந்து நான் கண்டுபிடிச்சதெல்லாம், உங்க இதழ்லயே வந்த அந்த எலுமிச்சை பேப்பர் பெருமையா சொன்ன பாக்டீரியா எதிர்ப்பு சக்தி வெறும் புளிப்புதான்ங்கறது மட்டுமே.

அவங்க எழுதுன மாதிரியே சாறு எடுத்து, பாக்டீரியா தடவின அகார்ல (பாக்டீரியா வளக்குற ஜெல்லி) குழி போட்டு ஊத்தினேன், ஸோன், அதாவது குழிய சுத்தி பாக்டீரியா வளராத வட்டம், அழகா வந்துச்சு, எனக்கும் சந்தோஷம்தான். கைடுதான் கேட்டாங்க, பிஎச் (புளிப்பு அளவு, கொறைய கொறைய புளிப்பு அதிகம்) பாத்தியாம்மான்னு. பாத்தா 2.5 கிட்ட. புளிப்ப முறிக்கிற காரக் கரைசல் விட்டு 7க்கு, அதாவது நடுநிலைக்கு, கொண்டு வந்து திரும்ப போட்டேன், மறுநாள் காலைல தட்டு முழுக்க ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பாய் விரிச்ச மாதிரி வளந்து கெடக்கு. வெறும் சிட்ரிக் ஆசிட் தண்ணிய அதே பிஎச்ல வெச்சா அதே ஸோன்! நம்பாம ஞாயித்துக்கிழமையும் லேபுக்கு வந்து மூணு தடவ திரும்ப செஞ்சேன், அதுக்குள்ள ஃபெல்லோஷிப்பும் முடிஞ்சு போச்சு, கடைசி மூணு மாசம் கைக்காசுலதான் ஓடுச்சு.

இத போட எடம் இல்ல, ஆனா அதே மாசம் இன்னொரு இலைச்சாறு பேப்பருக்கு எடம் இருந்துச்சு. அதுல டிஸ்க்குக்கு (தட்டு மேல வெக்கிற சின்ன காகித வட்டு) 2 மில்லிகிராம் சாறு, பக்கத்துல ஒப்பீட்டுக்கு 5 மைக்ரோகிராம் சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாட்டிக் மருந்து. 400 மடங்கு! அவ்ளோ கொட்டிட்டு "மருந்துக்கு இணையானது"ன்னு முடிச்சிருக்காங்க, நீங்களும் கைதட்டி போட்டுட்டீங்க.

பழத்துல ஒண்ணுமே இல்லன்னு சொல்ல வரல. மாதுளந்தோல்ல பாக்டீரியாவ எதிர்க்கிற பியூனிகலாஜின்ங்கற பொருள் இருக்கு, ஆனா அது பெரிய மூலக்கூறு, அகார்ல சுலபமா பரவாது, அதோட ஸோன் சின்னதா இருந்தா வேலை செய்யலன்னு அர்த்தமா? கிரான்பெர்ரில இருக்குற ப்ரோஆந்தோசயனிடின்ங்கற பொருள் ஈ.கோலை பாக்டீரியாவ கொல்லக்கூட வேணாம், நம்ம செல்லுல ஒட்ட விடாம தடுக்குது, அத ஸ்கேல் வெச்சு மில்லிமீட்டர்ல எப்படிங்க அளப்பீங்க? நெஜமா வேலை செய்யறதும் புளிப்பும் ஒரே அட்டவணைல பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கு, அதான் வயித்தெரிச்சல்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. பிஎச், கரைப்பான் கன்ட்ரோல் (சாறு கலக்காம வெறும் கரைப்பான மட்டும் வெச்சு பாக்குறது), எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சிய தடுக்க தேவையான கொறஞ்சபட்ச அளவு), இந்த மூணும் இல்லாம ஒரு சாறு பேப்பரையும் ஏத்துக்காதீங்க. டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான மட்டும் தனியா ஒரு குழில ஊத்த எவ்ளோ நேரம் ஆகும்? ரிவ்யூவருக்கு அதக் கேக்க எவ்ளோ நேரம் ஆகும்? அவங்களுக்கு ஆசிரியர் பேர் பாக்கவே நேரம் பத்தல போல... மன்னிச்சிருங்க, கோவத்துல வந்துருச்சு.

தட்டு படம், அளவுகள் எல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன், கேட்டா உடனே அனுப்பறேன். என் பேப்பர போடாட்டி போகுது, அந்த எலுமிச்சை பேப்பருக்கு கீழ ஒரு திருத்தக் குறிப்பாவது தயவுசெஞ்சு போடுங்க. இனிமே வர்றதுக்கு அந்த மூணையும் கட்டாயமாக்குங்க. இன்னொரு பொண்ணு எட்டு மாசம் எலுமிச்சை பிழிய வேணாம்.

இப்படிக்கு,
பெட்ரி தட்டு கழுவியே கை தேஞ்ச ஒரு ஆராய்ச்சி மாணவி