கிழிந்த வலையைக் கரையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டி மனு

அனுப்புநர்: கீழக்கரை அருகே உள்ள மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்: வன உயிரினக் காப்பாளர் அவர்கள், மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, ராமநாதபுரம்.

பொருள்: மீன் இறங்கும் இடங்களில் பழைய வலைகளைச் சேகரிக்கவும், தீவுகளின் கதையைச் சொல்லும் பலகை வைக்கவும் கோருதல்.

ஐயா, வணக்கம்.

போன மாதம் விடியற்காலையில் எங்கள் கரையில் ஒரு பேராமை ஒதுங்கிக் கிடந்தது. தங்கூசி (நைலான் நரம்பு) வலைத்துண்டு ஒன்று அதன் முன்துடுப்பை மூன்று சுற்று சுற்றி, தோலை அறுத்து உள்ளே வெள்ளையாகத் தெரியுமளவு இறங்கியிருந்தது. கத்தியால் அறுத்து எடுத்தோம், ஆனால் உயிர் எப்போதோ போய்விட்டது. அந்த வலை யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கிழிந்ததைக் கடலிலேயே விட்டுவிட்டு வருவது எல்லோருக்கும் பழகிவிட்டது. கரைக்குக் கொண்டுவந்தாலும் போட ஓர் இடம் இல்லை.

ஆவுளியா என்கிற கடல்பசுவுக்கும் இதே கதிதான். கடல்தாழை என்கிற கடல்புல்லை மேய்கிற பிராணி, சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும், வலையில் மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். சில வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் ஒன்று போனாலும் பெரிய இழப்பு.

1986-இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரில் இந்தப் பூங்காவை அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையைப் பெயர்த்தெடுத்தார்கள். அலையைத் தாங்குகிற பவளப் பார் குறைந்தது, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகளும் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடி வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் செயற்கைப் பாறை இறக்கித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பையன்களுக்குத் தெரியாது. 21 தீவு என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறார்கள், அதில் இரண்டு தண்ணீருக்குள் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

எனவே படகு கட்டும் இடங்களில் ஒரு கொட்டகை போட்டு, கிழிந்த வலையைக் கிலோவுக்கு ஏதாவது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காசு சிறிதானாலும் சரி, கொண்டுவருவார்கள். பக்கத்திலேயே மூழ்கிய இரண்டு தீவுகளின் கதையையும், ஆவுளியாவோ ஆமையோ மாட்டினால் என்ன செய்ய வேண்டும், எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வலையை எடை போட்டு அடுக்கி வைக்க ஊர் இளைஞர்கள் நாங்கள் சம்பளம் கேட்காமல் வருகிறோம். மீன்பிடி தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குவதற்குள் ஒரு கரையிலாவது தொடங்கிவிடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடற்கரை ஊர்க்காரன்