அம்மாவின் ஈயச் சொம்பு

பினாங்கு

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. முழங்கால் வலி, பேரனுக்குக் காய்ச்சல், அப்புறம் மழை. சாக்குச் சொல்ல எனக்கா தெரியாது!

"ரத்தத்தில் கொழுப்பு அளவாகத்தானே இருந்தது, அப்புறம் உன் இதயக் குழாய் எப்படி அடைத்தது?" என்று கேட்டிருந்தாய். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த அன்றைக்கே நானும் மகளிடம் இதைத்தான் கேட்டேன். அவள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், விடுவாளா? ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தாள்.

ரத்தக்குழாய்ச் சுவரில் கெட்டுப்போய்க் கிடக்கும் கொழுப்பை அள்ளித் தின்பது பெருவிழுங்கி என்ற வெள்ளணு. நம் தெருவுக்கு வரும் குப்பை லோரி என்று வைத்துக்கொள். அள்ளினால் மட்டும் போதாது, கொண்டுபோய்க் கொட்டவும் வேண்டும். கொழுப்பை வெளியே தள்ள அந்த அணுவில் ஏபிசிஏ1 என்று ஒரு கதவு இருக்கிறது. கொழுப்பு ஏறுவதைக் கண்டு அந்தக் கதவைக் கூட்டச் சொல்லும் விசைக்கு எல்எக்ஸ்ஆர் என்று பெயர். ஆர்செனிக் மாதிரி நச்சு உலோகம் உடம்பில் சேர்ந்தால், அது போய் அந்த விசையையே மந்தப்படுத்திவிடுகிறது. லோரி அள்ளிக்கொண்டே இருக்கும், கொட்ட வழியிருக்காது. கடைசியில் அதுவே அடைப்பில் ஒரு பங்காகிவிடும்.

கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். சிவப்புச் சாயம் ஏற்றிய அணுக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டிக்குட்டி உருண்டைகள். ஜவ்வரிசிப் பாயசம்தான், போ! இதற்கு நுரைச்செல் என்று பெயராம்.

என் அடைப்புக்கு உலோகம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. முப்பது வருஷம் சிகரெட் ஊதியவன் நான். இதில் யார்மேல் பழி போட? ஆனால் புகையிலை மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகுமாம். நான் விட்டது 2009இல். இன்னும் பாக்கி இருக்கிறது பார். சேற்றில் வளரும் கெராங் சிப்பியும் காட்மியத்தைச் சேர்த்து வைக்கும் என்றாள். கொய்தியோ நூடுல்ஸில் கெராங்கை நிறுத்திவிட்டேன், மனசில்லாமல்.

உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன 'உலோகம் நீக்கும்' மருந்தை நரம்பில் ஏற்றும் டிரிப்புக்கு அவசரப்பட்டுப் போய்விடாதே. 2013இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், மாரடைப்பு வந்த 1,708 பேரை வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. நீரிழிவும் உள்ளவர்களை வைத்து மறுபடி செய்து 2024இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் காரீயம் (லெட்) 61 சதவீதம் இறங்கியது, இதயக் கோளாறுகளோ குறையவில்லை. உனக்குச் சர்க்கரை வேறு. காசை வைத்துக்கொள்.

சரி, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு விஷயத்துக்கு வருகிறேன். நம் பேச்சில் வெள்ளீயமும் (டின்) ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். உன் தாத்தா வேலை செய்த ஈய லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், எடுத்தது வெள்ளீயம், அதனால் தொல்லையில்லை. காரீயம் கலந்த சொம்பாக இருந்தால் புளி ரசம் அதைக் கரைத்து இழுத்துவிடும். உடம்புக்குள் போனது எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும். அம்மாவின் சொம்பை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தேன். பென்சில் கோடு மாதிரி லேசாகச் சாம்பல் தடம் விழுந்தது. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, சோதனைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மகள் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டாள். இப்போது ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில்தான். அந்த மணம் வரவில்லை, என்ன செய்ய?

உன் அம்மாவும் அன்றைக்கு அதே கடையில்தானே ஒரு ஜோடிச் சொம்பு வாங்கினார்? வீட்டில் இருந்தால் அதில் ரசம் வைக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். தைப்பூசத்துக்கு வரும்போது துணியில் சுற்றி எடுத்து வா, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
மாரி