நாய் மட்டும் போதாது, ஆசிரியரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு நாய்களை வைத்துத் தரும் பயிற்சி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். லேப்ரடாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைகள் சிரிக்கும் படம் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடு. அதனால் படத்தில் குழந்தைகளைப் பார்த்த அதே கண்ணோடு நாயையும் பார்த்தேன்.

என் பேரன் மக்குப் பிள்ளை அல்ல. தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்றால், காரணத்தை எனக்கு முன்னால் சொல்லிவிடுவான். ஆனால் ‘கொக்கு’ என்ற சொல்லைக் காட்டினால் திணறுவான். முதலில் கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் கால். அந்தக் காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு ‘கெரக்கு’ என்பான். வகுப்பே சிரிக்கும். மூன்றாம் வகுப்போடு வாய்விட்டுப் படிப்பதையே நிறுத்திவிட்டான். வீட்டில் எங்கள் மணி திண்ணையில் படுத்திருக்கும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான். மணி சாதாரண நாட்டு நாய்தான். ‘கெரக்கு’ என்று கேட்டாலும் காதை ஒரு ஆட்டு ஆட்டுவதோடு சரி. “அப்புச்சி, மணி சிரிக்காது” என்றான் ஒரு நாள்.

இது வெளிநாடுகளில் வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், வாய் திறக்காத குழந்தைகள் தன் நாய் ஜிங்கிள்ஸ் அருகில் இருந்தால் பழகத் தொடங்குவதைக் கண்டு 1962-இலேயே கட்டுரை எழுதினார். 1999-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் குழந்தைகள் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் திட்டம் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. சென்னையில் புளூ கிராஸ் அமைப்பும் ‘டாக்டர் டாக்’ என்ற பெயரில் நாய்களைக் குழந்தைகளிடம் அழைத்துச் சென்றிருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் மணி ‘கெரக்கு’ தப்பு என்று திருத்தாது. திருத்தியது சிறப்பாசிரியைதான். கொம்பு, ககரம், கால் மூன்றையும் ஒரே எழுத்தாகப் பார்க்கும்படி மணல் தட்டில் விரலால் எழுதவைத்து, எழுதும்போதே ‘கொ’ என்று சொல்லவைத்துப் பழக்கினார். பல மாதம் பிடித்தது. நாய் இருந்ததால் பையன் வாய் திறந்தான், அவ்வளவுதான். உங்கள் கட்டுரையில் நாயின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, பிடித்த பிஸ்கட் கூட இருக்கிறது. அங்கே எழுத்து சொல்லித்தருவது யார் என்று ஒரு வரி இல்லை.

அப்புறம் நாயின் பாடு. பேரனை ஒரு தனியார் மையத்துக்குக் கூட்டிப் போயிருந்தோம். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். சித்திரை வெயில், மேலே தகரக் கூரை. கனத்த ரோமமுள்ள நாயை நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அது இரைத்துக்கொண்டே இருந்தது. உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, கட்டிப்பிடிக்க வரும் பிள்ளையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “பாருங்க, எவ்வளவு சாந்தம்!” என்றார் பொறுப்பாளர். எனக்குப் பகீரென்றது. அது ‘என்னை விடு’ என்று நாய் கெஞ்சும் விதம். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் அடுத்தது உறுமல், அதற்கடுத்தது கடி. வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டேன். வீட்டில் இருக்கிறதாம். குடற்புழு நீக்க மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்றதற்குப் பதிலே இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. முறையாகப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கிவைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் அதற்கு அலையுங்கள். ‘நாய் தெரபியில் டிஸ்லெக்சியா குணமாகும்’ என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். அது குணமாக்கும் நோயும் அல்ல, நாயிடம் அதற்கு மருந்தும் இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு மையத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே சிறப்பாசிரியர் இருக்கிறாரா, நாயைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், ஒரு நாளில் எவ்வளவு நேரம் அதை உட்காரவைக்கிறார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். முடிந்தால் தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
தாராபுரம்.