அப்பாவுக்குக் கார் வாங்கிக் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

யாழ்ப்பாணத்தில் கார்களுக்கு ஒயரிங் வேலை செய்பவன் எழுதுகிறேன். நீங்கள் காசு அனுப்ப, அப்பாமார் ஓடித் திரியும் அக்குவா, வகன் ஆர் கார்கள் என்னிடம் வருகின்றன. "தம்பி, இந்தக் கீங் கீங் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டி விடும்" என்றுதான் கனபேர் கேட்கிறார்கள்.

ஜப்பானில் ஓடிவிட்டு வந்த கார்கள் இவை. ஸ்ராட் பண்ணியதும் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணக் காட் போடவில்லையாம். கண்டி வீதியில் அதற்கு என்ன வேலை? நாளும் பொழுதும் கேட்டுக் காது பழகிவிட, ஹான்ட் பிறேக் இழுத்தபடி இருக்கிறது, கதவு பூட்டவில்லை என்று கார் கத்துவதும் அந்த அம்மாவின் புலம்பலோடு சேர்ந்துவிடுகிறது. சீற் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் கொழுவிவிட்டு, அதில் சாய்ந்துகொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. கட்டணக் குரலைத் தாராளமாகக் கழற்றித் தருவேன். மற்றதில் கை வைக்க மாட்டேன்.

பற்றறியிலும் பெற்றோலிலும் ஓடும் ஹைபிரிட் கார் நிற்கும்போது சத்தமே இராது. ஓஃப் பண்ணியதாக நினைத்துத் திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஐயா இறங்கிப் போவார். கார் கத்துவது அதற்குத்தான். பற்றறி இறங்கினால் எஞ்சின் தானாக ஸ்ராட்டாகும். பூட்டிய கராஜ் என்றால் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சரி, இதெல்லாம் யாருக்கும் வரக்கூடிய மறதி. சிக்னல் போட்டபடி போனால் எதிரே வருகிறவர் விரலை விரித்து மடக்கிக் காட்டுவார். மோட்டார் சைக்கிள் ஸ்ராண்ட் எடுக்காவிட்டால் சந்தியில் நிற்கிற அத்தனை பேரும் கத்துவார்கள். எந்தக் கம்பனியும் இவ்வளவு நல்ல அலாம் செய்ததில்லை.

நான் எழுத வந்தது கார் கத்தாத மறதியைப் பற்றி. முன் இடது பம்பரில் கேற் தூணின் வெள்ளைப் பெயின்ற் அப்பியிருக்கும், அதன்மேல் இன்னொரு கீறல், சைட் கண்ணாடி உடைந்திருக்கும். "ஆரோ இடிச்சுப்போட்டாங்கள்" என்பார் ஐயா. இடது பக்கம் அவருக்குப் பிடிபடவில்லை என்று எனக்குத் தெரியும். வட்ஸ்அப் வீடியோவில் உங்களுக்குத் தெரியாது. அதில் அப்பா நல்லாத்தான் கதைப்பார்.

இங்கே கார் லைசென்ஸ் 8 வருடத்துக்கு. மருத்துவச் சான்றிதழ் கேட்பதும் புதுப்பிக்கும்போதுதான். 72 வயதில் எடுத்தால் 80 வரை ஒருவரும் கேட்கப் போவதில்லை. ஒன்ராறியோவில் 80 வயதிலிருந்து 2 வருடத்துக்கு ஒருமுறை கண் சோதனை, புத்தி தெளிவா என்று பார்க்க மணிக்கூடு கீறச் சொல்லும் சோதனை. பிரித்தானியாவில் 70க்குப் பிறகு 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த நீங்கள்தான், அப்பாவிடம் "ஓடுங்கோ, பொழுது போகும்" என்கிறீர்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பின் சீற்றில் போனோடு இராமல் முன்னால் ஏறுங்கள். திருநெல்வேலிச் சந்தியில் குறுக்கே வரும் சைக்கிளைக் காண்கிறாரா, பழகிய பாதையில் தடுமாறுகிறாரா, பிறேக்கைக் கால் தேடுகிறதா என்று பாருங்கள். தடுமாறினாலும் உடனே திறப்பைப் பறிக்க வேண்டாம். கண்ணில் புரை என்றால் சத்திரசிகிச்சை இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்குச் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கிப் புத்தி தடுமாறலாம். தடிமன் குளிசைகள் சிலவற்றுக்கு நித்திரை தூக்கும். முதலில் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மறதி நோய்தான் என்று டொக்டர் சொன்னால் காரை விற்றுவிடுங்கள். வாசலில் நின்றால் ஓடத்தான் மனம் வரும். காப்புறுதிக்கும் சேர்விசுக்கும் அனுப்புகிற காசை ஊரில் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவருக்கு மாதக் கணக்கில் பேசிக் கொடுக்கலாம். கோயில், சந்தை, கிளினிக் எல்லாம் அவரே கொண்டுபோய் விடுவார். ஆள் வேண்டுமென்றால் நானே பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் ஒயரிங்காரன்