விளையாட அனுப்பிய கையொப்பம் சான்றிதழிலும் வேண்டும்

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் இலங்கையிலிருந்து வந்து படிக்கும் மாணவி. வெளிநாட்டு மாணவர்களுக்கு இனி விளையாட்டுப் போட்டிகளுக்காக ஓ.டி. (கல்லூரிப் பணியில் இருந்ததாகக் கருதி வருகை அளிக்கும் 'ஆன் டியூட்டி') வழங்கப்படாது என்றும், இந்தப் பருவத்தில் ஏற்கெனவே வழங்கியவையும் திரும்பப் பெறப்படுகின்றன என்றும் சென்ற வாரம் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் பற்றியதே இம்மடல். பின்னணி தங்களுக்குத் தெரியும். மண்டலக் கைப்பந்துப் போட்டிக்கு எங்களை அனுப்பிய கடிதத்தில் இருப்பது தங்கள் கையொப்பம்தான். எனவே நடந்ததையெல்லாம் விவரித்துக்கொண்டிராமல், கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கல்லூரி அணிக்காக நான் ஆடிய நாட்களுக்குரிய விளையாட்டுப் பங்கேற்புச் சான்றிதழில் தாங்கள் கையொப்பமிட வேண்டும்.

இது நான் கேட்கும் சலுகை அன்று. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, பருவத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். உடல்நலக் குறைவாலோ விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டதாலோ வருகை 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றுவிட்டால், கல்லூரித் தலைவர் ஒப்பமிட்ட சான்றிதழை அளித்துத் தேர்வெழுதலாம். மாணவர் எந்த நாட்டவர் என்ற பேச்சே அந்த விதியில் இல்லை. பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென்றே 500 இடங்களை ஒதுக்கி வைத்திருக்கும் மாநிலம் இது. விளையாடுகிறவர் வகுப்பைச் சில நாட்கள் இழக்க நேரிடும் என்பதை உணர்ந்தே விதியை எழுதியிருக்கிறார்கள். விதி இருக்கிறது, போட்டி நடந்தது, நான் ஆடினேன். இல்லாதது கையொப்பம் ஒன்றே.

அலுவலகத்தில் காரணம் கேட்டபோது, "மாணவர் விசா படிப்பதற்குத்தான், விளையாடுவதற்கு இல்லை" என்று சொன்னார்கள். மாணவர் விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இங்கு வந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டவராகப் பதிவு செய்துகொண்ட நாள் முதல் அந்த விதிகளில் ஒன்றையும் நான் மீறியதில்லை. ஆனால் கல்லூரி கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு, கல்லூரி வேனில் ஏறிப் போய், கல்லூரியின் பெயருக்காக ஆடுவது எப்படி வேலையாகும்? எங்களில் ஒருவரும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. வென்ற கோப்பை கல்லூரியின் வரவேற்பறையில்தான் இருக்கிறது. விசா அதிகாரிகள் எவரும் எழுப்பாத ஒரு தடையைக் கல்லூரி தானே எழுப்பிவிட்டு, அதற்கு விசாவின் பெயரைச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

சுற்றறிக்கை வந்த மறுநாள் துறை அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே பென்சிலால் ஓ.டி. என்று எழுதியிருந்ததை அழித்துவிட்டு, அழித்த கறையின் மேலேயே சிவப்பு மையில் 'ஏ' போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரி, அதே வேனில் அதே போட்டிக்கு வந்து, நான் தூக்கிக் கொடுத்த பந்துகளை அடித்த உச்சிப்புளித் தோழியினுடையது. அவளுடைய கட்டங்களில் ஓ.டி. அப்படியே இருக்கிறது. அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரே ஆட்டத்தை ஒருத்தி ஆடினால் கல்லூரிப் பணி என்றும் மற்றொருத்தி ஆடினால் வகுப்புக்கு வராமை என்றும் எழுதும் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் அமைதியாக நிற்க முடியவில்லை.

பொறியியல் படித்துக்கொண்டே அணியில் நிற்பது எத்தகையது என்பதை எங்கள் உடற்கல்வி இயக்குநர் அம்மா நன்கு அறிவார். விடியுமுன்னே மைதானத்தில் இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடற்கரையில் செட்டராக நிற்பவள், பந்தைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்பே காற்று அதை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று கணித்தாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் விடுதிச் சாப்பாட்டுக்கூடம் மூடுமுன் ஓடி, ஈரத் தலையோடு முதல் வகுப்பில் உட்கார வேண்டும். பாட வகுப்பைத் தவறவிட்டால் தோழிகளின் குறிப்பைப் பார்த்து ஈடு செய்யலாம். ஆய்வகத்தை அப்படிச் செய்ய முடியாது. நெடுஞ்சாலைப் பொறியியல் ஆய்வகத்தில் தாரின் கெட்டித்தன்மையை அளக்கும் சோதனைக்கு, தாரை உருக்கிக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறவிட்டு, 25 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்திருந்து, அதன் பிறகே 100 கிராம் எடையோடு ஊசியை 5 விநாடி இறங்கவிட்டு அளவு எடுக்க வேண்டும். ஊசி இறங்குவது 5 விநாடிதான், அதற்கு முன் காத்திருப்பது மணிக்கணக்கு. போட்டிக்குப் போனதால் விடுபட்ட அந்தச் சோதனையை, பிறர் எடுத்த அளவுகளைப் பார்த்து எழுதிக்கொள்ளாமல், ஆய்வக உதவியாளர் அண்ணனைக் கேட்டு மாலை வேளைகளில் தனியாகச் செய்து முடித்து ரெக்கார்டில் கையொப்பம் வாங்கியிருக்கிறேன். படிப்பை விட்டுவிட்டு விளையாடினேன் என்று யாரேனும் கருதினால், அந்த ரெக்கார்டைப் புரட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வருகை குறைந்தால் உள்ளூர் மாணவிக்கும் இழப்புதான். அந்தப் பருவத்தை அடுத்த ஆண்டு மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். எனக்கு நேர்வது அதோடு முடிவதில்லை. என் விசா ஓராண்டுக்கானது. நீட்டிப்பு கேட்டு விண்ணப்பிக்கும் போதெல்லாம் நான் இங்கே படிக்கும் மாணவி என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழை இணைக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் என் வருகை விழுக்காடும் அச்சாகிறது. சிவப்பு மையில் மாற்றப்பட்ட கட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வகுப்புக்கு ஒழுங்காக வராதவள் என்று கல்லூரியே எழுதிக் கொடுத்த தாளை நானே பதிவேற்ற வேண்டியிருக்கும். அதைப் படிக்கும் அதிகாரிக்கு மண்டலப் போட்டியும் தெரியாது, தாங்கள் எங்களை அனுப்பிய கடிதமும் தெரியாது. படிக்க வந்ததாகச் சொன்ன பெண் படிக்கவில்லை என்றே அவர் எண்ணுவார். அப்படி எண்ணினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீட்டிப்பு மறுக்கப்பட்டால், பேசாலையில் கடற்றொழில் செய்து எனக்குக் கட்டணம் அனுப்பும் அப்பாவிடம் என்ன காரணத்தைச் சொல்வேன்? கைப்பந்து எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டு; நான் கல்லூரி அணிக்குத் தேர்வானபோது ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர் அவர். அந்த ஆட்டத்தாலேயே மகளின் படிப்பு நின்றது என்று அவர் கேட்க நேரக் கூடாது.

இதைச் சொல்லும்போது, என்னை மட்டும் பற்றிப் பேசிவிட்டு நிறுத்தவும் மனம் வரவில்லை. இலங்கைத் தமிழர்களுக்கான மண்டபம் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்து படிக்கும் தோழிகள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரைப் பெற்றோர் சொல்லக் கேட்டதைத் தவிர அறியாதவர்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போய் இரவு தங்க வேண்டுமென்றால் முகாமில் அனுமதி பெற அவர்கள் அலைகிறார்கள். இப்போது இந்தச் சுற்றறிக்கை தங்களுக்கும் பொருந்துமோ என்று பயிற்சிக்கு வரவே அஞ்சுகிறார்கள். வெளியூரில் என்னோடு வந்த அணியும் இதில் துன்பப்பட்டிருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், அதற்கான படிவத்தை நிரப்பும் வேலை வேண்டாமென்று என் கடவுச்சீட்டைப் பார்த்ததுமே லாட்ஜ்காரர் மொத்த அணிக்கும் அறை இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆட்டம். பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு என் தோழிகள் எனக்காகத் தெருத்தெருவாக நடந்தார்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. கல்லூரியிலிருந்து முன்கூட்டியே ஒரு கடிதமும் என் ஆவணங்களின் நகலும் அனுப்பியிருந்தால் அது நேர்ந்திருக்காது. எங்களால் கல்லூரிக்குப் பெயர் வருகிறது என்று சொல்லும் நிர்வாகம், எங்களுக்காக எழுத வேண்டிய நான்கு வரிகளை எழுதத் தயங்குவது ஏன் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

கோபத்தில் சற்று விலகிப் பேசிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். விளையாட்டு விழாவில் தாங்கள் ஆற்றிய உரையை நான் மறக்கவில்லை. 1966-ல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்ததையும், 1994-ல் பன்னிரண்டு வயதுக் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையைக் கடந்ததையும் சொல்லி, இந்தக் கடற்கரையில் படிப்பவர்கள் உடலுரத்திலும் சிறக்க வேண்டும் என்றீர்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சொற்களை நம்பித்தான் பயிற்சியையும் படிப்பையும் ஒரு சேர இழுத்துக்கொண்டு வந்தேன். அன்று பேசியவரிடமே இன்று கேட்கிறேன் என்பதால், மறுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இருக்கிறது.

எனவே, வெளிநாட்டு மாணவர்களுக்கான சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுமாறும், வருகைப் பதிவேட்டில் அழிக்கப்பட்ட ஓ.டி.யை மீண்டும் பதியுமாறும், விளையாட்டுப் பங்கேற்புச் சான்றிதழில் கையொப்பமிட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்புமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். போட்டி நாளன்று நடந்த அகமதிப்பீட்டுத் தேர்வை எனக்கு மீண்டும் நடத்தித் தந்தால் நன்றியுடையவளாக இருப்பேன். பாடத்துக்கு 40 மதிப்பெண் அகமதிப்பீட்டிலிருந்தே வருவதைத் தாங்கள் அறிவீர்கள். தேர்வுக்கான நுழைவுச் சீட்டுப் பட்டியல் இறுதியாகும் முன் இவை நடந்தாக வேண்டும். அதன் பிறகு தாங்கள் கையொப்பமிட்டாலும் எனக்குப் பயன்படாது. சான்றிதழை உடற்கல்வி இயக்குநர் அம்மா நிரப்பித் தங்கள் மேசைக்கு அனுப்பியிருக்கிறார். தாங்கள் அழைக்கும் நேரத்தில் பதிவேட்டு நகல், அனுமதிக் கடிதம், ஆய்வக ரெக்கார்டு அனைத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ஆண்டு கட்டடப் பொறியியல் மாணவி,
கல்லூரி மகளிர் கைப்பந்து அணி