பதிவேட்டில் இல்லாத பத்தமடை

அன்புள்ள சுடலைமுத்து,

மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கப்போவதாகக் கார்த்திகையிலிருந்து சொல்கிறாய்; இலஞ்சிக்காரன் உன்னை நம்புவதையே விட்டுவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பெண், உத்யம் பதிவுகளை, அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவுகளை, லட்சக்கணக்கில் திரட்டி, 2020-க்குப் பிறகு புதுத் தொழில்கள் பெருகிவிட்டன என்று ஒரு வரைபடம் கொண்டுவந்தாள். உத்யம் தளமே 2020 ஜூலை 1-ஆம் தேதிதானே தொடங்கியது! அதற்கு முன் உத்யோக் ஆதார் என்ற பழைய பதிவு வைத்திருந்தவர்களும் மறுபடி பதிய வேண்டியிருந்தது. முப்பது வருட அரிசி ஆலையும் அந்தப் பட்டியலில் நேற்றுப் பிறந்த பிள்ளைதான். கடையை மூடியவர்களில் எத்தனை பேர் பதிவை ரத்து செய்யப்போகிறார்கள்? போதாததற்கு, எண்ணிக்கை லட்சங்களில் இருந்தால் அற்ப வேறுபாடுகூடத் தற்செயல் அல்ல என்று புள்ளியியல் சோதனையில் தேறிவிடும். அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

சென்ற வாரம் அவளைக் கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடைக்கு அழைத்துப்போனேன். திண்ணையில் ஒரு பெரியம்மா கோரையைக் கீறிக்கொண்டிருந்தார். எந்தக் கோரைக் கட்டை வாங்குவது, எந்தச் சாயம், கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்ய எவ்வளவு முன்பணம், எந்த வியாபாரிக்குக் கடனுக்குக் கொடுக்கலாம், எல்லாம் அவர் முடிவு. எங்களோடு பேசினாரே தவிர, கை நிற்கவில்லை. உத்யமிலும் இல்லை, ஜிஎஸ்டியிலும் இல்லை. சுவரில் பணம் செலுத்தும் க்யூஆர் அட்டை மாட்டியிருந்தது. அதுவும் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் கணக்கு. லட்சக்கணக்கான பதிவுகளைக் குவித்த நம் பெரும்தரவு அவனைத்தான் தொழில்முனைவோன் என்று எண்ணும். கடனும் மானியமும் இந்தக் கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டால் பெரியம்மாவுக்கு என்ன கிடைக்கும், சொல்?

தரவே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. எந்த ஊரில் எந்தத் தொழில் குவிகிறது என்பதைப் பின்கோடு வாரியாகப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். வீடு வீடாக நடந்து ஆயுளுக்கும் அதைத் திரட்ட முடியாது. ஆனால் ஒரே கடை ஒரு பட்டியலில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் இன்னொன்றில் வேறு எழுத்துக்கூட்டலிலும் கிடக்கிறது. வீரவநல்லூரையே எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! அவற்றைப் பொருத்திச் சேர்க்கும் வேலை உனக்குத் தெரியும். அதை அவளுக்குக் கற்றுக்கொடு. பத்தமடையிலும் வீரவநல்லூரிலும் தெருத் தெருவாகக் கேட்டு, பதிவில் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் பொறுப்பு என்னுடையது.

பதினாறாம் தேதி அவளுக்கு ஆய்வுக்குழுக் கூட்டம். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா.

அன்புடன்,
நெல்லையப்பன்